பரணில் கிடப்பவற்றுக்கு ஒரு போக்கிடம்

வானம் பார்த்த கரிசல் பூமியில் எதையும் லேசில் வெளியே போட மாட்டார்கள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஆலங்குளம், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பழைய வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். மழை பொய்த்தால் அடுத்த வருஷம் என்ன செய்வது என்ற பயத்தில் குலுக்கையில் கம்பும் சோளமும் வைத்தார்கள். பரணில் விதைப்பருத்தி, வத்தல், சாக்கு, அந்தச் சாக்கைத் தைக்கக் கோணி ஊசி. ஏறிய ஒவ்வொன்றுக்கும் அடுத்த வெள்ளாமையில் ஒரு வேலை இருந்தது. வேலை வந்ததும் அது இறங்கிவிடும். 1970-ல் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. சுற்றிலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு, நூற்பாலை வேலைகள் இருந்தன. மாதச் சம்பளமும் வாரக் கூலியும் வீட்டுக்குள் வந்தன. பரண் அப்படியே இருந்தது. அதில் ஏறுகிற சாமான் மட்டும் மாறிப்போனது.

இப்போது ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். சீர் வரிசையில் வந்த எவர்சில்வர் அண்டா, ஐந்தாறு குத்துவிளக்கு, மிக்சி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மாகோல், ஓடாத டேபிள் ஃபேன், ஜவுளிக்கடைப் பைகளைத் திணித்து வைத்த இன்னொரு பெரிய பை, கல்யாணமாகிப் போன பெண்ணின் பத்தாம் வகுப்பு நோட்டுகள், கண்ணாடி உடைந்த சாமி படம். ஏறியவை எவையும் இறங்குவதில்லை. பரண் நிறைந்ததும் கட்டிலுக்கு அடியில், பிறகு பீரோவின் தலைமேல், பிறகு மாடிப்படிக்குக் கீழே என்று சாமான் இடம் பிடித்துக்கொண்டே வருகிறது. ஆள் நடமாடுகிற இடம் குறைகிறது.

மனசு வராததால்தான் இப்படிச் சேர்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்த வீடுகளில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் பொருள் அடுத்து எங்கே போக வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. குப்பையில் போட மனம் ஒப்பாது. கொடுக்க ஆள் தெரியாது. விற்றால் அடிமாட்டு விலை. அதனால் "இருக்கட்டும், பாப்போம்" என்று மறுபடி மேலே போகிறது. போக்கிடம் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிச் சாமான் அதிகச் சண்டை இல்லாமல் இறங்கிவிடும். ஆகையால் எதை வைப்பது, எதை விடுவது என்பதோடு நிற்காமல், எது எங்கே போகும் என்பதை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த மனசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் குவளையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் அதே குவளையை என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் குவளை இருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சற்று முன்புதான் கைக்கு வந்த குவளைக்கே இப்படி என்றால், முப்பது வருஷமாக வீட்டில் இருக்கும் அண்டாவுக்குக் கேட்கவே வேண்டாம். பழைய இரும்புக்கடைக்காரர் சொல்லும் விலை நமக்கு எப்போதும் அநியாயமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆய்வும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய், எங்கே என்ன கிடக்கிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் படம் எடுத்துக் கணக்கெடுத்தார்கள். தங்கள் வீடு ஒழுங்கற்று, சாமான் அடைந்து கிடக்கிறது என்று சொன்ன தாய்மார்களுக்கு, மாலையில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற இறுக்க ஹார்மோன் சரியாக இறங்கவில்லை என்று 2010-ல் எழுதினார்கள். அதே வீட்டு ஆண்களிடம் அந்த அளவுக்கு இது தெரியவில்லை. கிடக்கிற சாமானைத் துடைத்து, நகர்த்தி, அடுக்குகிறவர் யார் என்று யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரிலும் பரணின் பாரம் பெண்கள் தலையில்தான் இறங்குகிறது.

இனிச் சாமானுக்கு வருவோம். நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை பாத்திரம்தான்.

ஒரு பழைய எவர்சில்வர் குடத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். குத்திக்குத்திப் போட்ட புள்ளிகளால் ஒரு பெயர் இருக்கும். முன்னெழுத்து, ஊர், "அன்பளிப்பு" என்ற சொல், கல்யாணத் தேதி. பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் சின்ன மெஷினைப் பிடித்துக்கொண்டு கைநடுங்காமல் எழுதிக் கொடுத்தது. முப்பது நாற்பது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் அந்தப் புள்ளிகள் அழிவதில்லை. "இது எங்க சின்னத்தை செஞ்சதுடி, இதையா போடச் சொல்ற?" என்று அம்மா கேட்டால் மகளுக்குப் பதில் வராது. கேள்வியும் நியாயமானதுதான். அந்தப் பாத்திரம் சமையலுக்காக வந்ததைவிட, ஒரு உறவு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து நின்றதற்குச் சாட்சியாக வந்தது. அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தபோது நாமும் அதேபோல் ஒன்று செய்திருப்போம்.

ஆனால் அன்று அண்டாவுக்கு இருந்த வேலை இன்று இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டிச் சமைத்த காலத்தில் எட்டுப்படி, பத்துப்படி பாத்திரம் வேண்டியிருந்தது. இப்போது மண்டபத்தில் சமையல்காரர் தன் பாத்திரத்தோடு வந்து இறங்குகிறார். ஊர்ப் பொதுவிலும் உறவின்முறையிலும் கோயிலிலும் பாத்திரம் இருக்கிறது. வாடகைப் பாத்திரக்கடையும் இருக்கிறது. பித்தளையின் கதை இன்னும் மோசம். உள்ளே வெள்ளீயம் பூசாமல் பித்தளையில் புளிக்குழம்பு வைக்க முடியாது, களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது அரிதாகிவிட்ட பிறகு பித்தளைச் சட்டி தேய்த்துக் கவிழ்த்து வைக்கிற பொருளாக ஆகிவிட்டது.

எனவே பாத்திரங்களை மொத்தமாக இறக்கி முற்றத்தில் பரப்புங்கள். ஒரு உறவுக்கு ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொண்டால் போதும். பெயர் வெட்டியவற்றில் தினசரி புழங்கக்கூடியதாக ஒன்றை எடுத்து அடுக்களைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சின்னத்தை கொடுத்த டம்ளரில் தினம் காபி குடிப்பது, அவர் கொடுத்த அண்டா இருட்டில் கிடப்பதைவிட அவருக்குச் செய்கிற பெரிய மரியாதை. பெரிய பாத்திரங்களை அன்னதானம் நடக்கும் கோயிலுக்கோ, சமுதாயக் கூடத்துக்கோ, முதியோர் இல்லத்துக்கோ கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள். அவர்களுக்கும் இடநெருக்கடி உண்டு. வெட்டிய பெயர் அப்படியே இருக்கட்டும். பந்தியில் யாரோ அதைப் படிப்பார்கள்.

மீதியை விற்பதானால் வீட்டிலேயே பிரித்து நிறுத்துவிடுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், எவர்சில்வர், இரும்பு என்று ஐந்து குவியல். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் பித்தளை முலாம் பூசிய இரும்பு மாட்டிக்கொள்ளும். பித்தளைச் செம்பில் இரும்புக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் முழுவதையும் குறைந்த விலைக்குப் போடுவார்கள். பிறகு கடையில் போய், "அண்ணாச்சி, பித்தளை இன்னைக்குக் கிலோ என்ன விலைக்கு எடுக்கீக?" என்று முதலிலேயே கேளுங்கள். "சாமானைப் பாத்துத்தான் சொல்லணும்க்கா" என்று பதில் வரும். சாமானைக் காட்டுங்கள், ஆனால் எடையை நீங்கள் சொல்லுங்கள். இரண்டு கடையில் கேட்டால் விலை தானாகப் புரியும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுப்பது நல்ல வியாபாரம்போலத் தோன்றும். வீட்டுக்குள் மறுபடி பாத்திரம்தான் வரும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காசாக வாங்கிக்கொள்ளுங்கள்.

துணி அடுத்தது. இதில் ஒரு மனத்தடை உண்டு: உடுத்தியதை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதற்கான பதில் கோயிலிலேயே இருக்கிறது. ஆண்டாளுக்குச் சூட்டிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்கு மதுரைக்குப் போகிறது. பயன்படுத்திய பொருள் என்பதாலேயே மதிப்புக் குறைந்துவிடாது. எந்த மனத்தோடு, யாருக்கு, எந்த நிலையில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளுக்கு லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. கிழிந்தது, கறை படிந்தது, மீனவக் குடும்பத்துப் பெண்கள் உடுத்தாத வகைத் துணிகள். எல்லாம் இழந்து நின்றவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். துணி சாலையோரத்தில் மலைமலையாகக் கிடந்து நனைந்தது. கொடுத்தவர்களில் பலர் தங்கள் அலமாரியைக் காலி செய்தார்களே தவிர, வாங்குகிறவரை நினைக்கவில்லை. அந்தக் குவியல்களின் ஒரு பகுதியை, 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு எடுத்துப் பிரித்து, துவைத்து, வேறு பொருள்களாக மாற்றியது. பழைய பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய்த் துணி தைப்பது அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. பக்கத்தில் திருநெல்வேலியில் 2017-ல் மாவட்ட நிர்வாகம் அன்புச் சுவர் என்று ஒன்று அமைத்தது. வேண்டாதவர் கொண்டுவந்து மாட்டலாம், வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஈரானின் மஷ்ஹத் நகரில் 2015-ல் தொடங்கிய யோசனை அது. கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் அழகு.

ஆகவே துணியைக் கொடுக்கும் முன் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். நீங்கள் உடுத்தி ரேஷன் கடைக்குப் போகத் தயங்காத துணி என்றால் அது கொடுக்கத் தகுந்தது. அதற்குக் கீழே போன பருத்திச் சேலையும் வேட்டியும் கைப்பிடித் துணிக்கும் தூளிக்கும் மெத்தை தைக்கவும் ஆகும். பைக் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் சேலை ஈரத்தை இழுக்காது. அதற்கு அந்த வேலை ஆகாது. அதைப் பையாகத் தைத்துக்கொள்ளலாம். பழைய பட்டுச் சேலையைத் தெருவில் "பட்டு வாங்குறது" என்று வருகிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அவர்கள் வாங்குவது அதற்காகத்தான். சேலையின் எடையும் ஜரிகை அசலா என்பதும் தெரிந்த பிறகு விலை பேசுங்கள்.

சாமி படத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அது கிடக்கிறது. சிவகாசி நமக்குப் பக்கத்து ஊர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் அங்கே வெளியாகின்றன. தை பிறப்பதற்குள் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஒரு வீட்டுக்கு ஐந்தாறு காலண்டர் வந்துவிடும். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் போய்விடும். முருகனும் லட்சுமியும் அட்டையோடு நிற்பார்கள். கிழிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது. அதனால் அரசமரத்தடியிலும் ஊருணிக் கரையிலும் கோயில் மதில் ஓரத்திலும் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அங்கே மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, நாய் மிதிக்கக் கிடக்கிறது. நாம் தவிர்க்க நினைத்த அவமரியாதை அங்கேதான் நடக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. படத்துக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டுப் பிரித்தெடுங்கள். கண்ணாடியைத் தாளில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள். நல்ல சட்டம் என்றால் ஃப்ரேம் கடையில் வாங்கிக்கொள்வார்கள். தாள் படத்தை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால் கூழாகிவிடும். அதைச் செடியின் வேரடியில் புதைத்துவிடலாம். பளபளப்பாகப் பிளாஸ்டிக் ஒட்டிய படம் கரையாது. அந்தத் தோலை உரித்து எடுத்துவிட வேண்டும். சுடாத மண் பொம்மையும் இதே வாளியில் கரையும். இதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மண் பிள்ளையாரைக் கரைக்கிறோமே, அதே முறைதான் இது. அடுத்த வருஷம் முதல் ஒரு காலண்டருக்கு மேல் வாங்காமல் கடையிலேயே சொல்லிவிடலாம்.

இனி மின்சாமான். 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசு இலவசக் கலர் டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த மின்சாதனங்கள் அவைதான். பெண்களின் கைவலியை அவை குறைத்தன. அந்தப் பெட்டி டிவிகள் இப்போது பேசாமல் பரணில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக்கம்பிக்காக அதை உடைத்து எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஓடையில் கொட்டினால் ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர்வதை உறுதி செய்ய வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புது டிவி வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ மின்கழிவு எப்போது சேகரிக்கிறார்கள் என்று கேட்டு அன்று கொடுங்கள். முழுதாகக் கொடுங்கள், உடைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை இருப்பதால் கடைக்காரரே கழித்துக்கொண்டு புதிது கொடுப்பார்.

ஆலங்குளம் வட்டாரத்துக்கென்றே இரண்டு ஆபத்தான சாமான்கள் உண்டு. ஒன்று, தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசு. நமத்துப்போச்சு என்று அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடுவார்கள். நமத்த பட்டாசு செத்துப்போனதாக அர்த்தமில்லை. பரண் சூட்டில் காய்ந்து கிடப்பதும், போகித் தீயில் பெட்டியோடு விழுவதும் எவ்வளவு ஆபத்து என்று பட்டாசு பூமியில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஓரிரண்டு நாள் முழுக ஊறவைத்து, பிறகு தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். குடிக்கிற தண்ணீர், மாட்டுத் தொட்டி பக்கம் அந்த வாளி போகக் கூடாது.

மற்றொன்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அரசு சிமெண்ட் கழகத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பிரிவு ஆலங்குளத்திலேயே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்தக் கூரை இல்லாத தெரு குறைவு. கூரை மாற்றும்போது கழற்றிய ஷீட்டுகள் கொல்லையில் சாய்ந்து கிடக்கும். முழுதாக இருக்கும்வரை பெரிய கேடில்லை. அறுத்தால், உடைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் காற்றில் கிளம்பும். அவை நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆகவே இடம் அடைக்கிறதென்று சுத்தியலால் உடைத்துப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். நகர்த்துவதானால் தண்ணீர் தெளித்து, முகத்தை மூடிக்கொண்டு, முழுசாகத் தூக்குங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடக் கூடாது. தூக்கிப்போட வழி கிடைக்கும்வரை கொல்லையில் பத்திரமாக வைத்திருப்பதே நல்லது என்று நான் சொல்லும் ஒரே சாமான் இதுதான்.

காகிதத்துக்கு நிதானம் வேண்டும். பழைய நியூஸ்பேப்பர், நோட்டு, அட்டைப்பெட்டி எல்லாம் எடைக்குப் போய்விடும். மிக்சி அட்டைப்பெட்டியை வாரண்டி முடிந்தபின் வைத்திருக்கக் காரணமே இல்லை. ஆதார், பான், வங்கிப் புத்தக ஜெராக்ஸ்களை மட்டும் அப்படியே போடாதீர்கள். உங்கள் கையெழுத்தோடு அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கிழித்து நனைத்துவிடுங்கள். கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றுகள் ஒரு பையில், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

அவசரத்தில் எரித்ததற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏட்டுச்சுவடி தேடி அங்கே போன உ.வே. சாமிநாதையரிடம், கோயிலைச் சேர்ந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மனம் நொந்து அவர் அதை எழுதிவைத்திருக்கிறார். என்ன நூல்கள் போயின என்று இனி யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் பனையோலைக் கட்டோ, தாத்தாவின் நிலக்கணக்கோ, பழைய மொய் நோட்டோ, 1940-களின் போட்டோவோ இருந்தால் அதை இந்த அலசலில் சேர்க்காதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை அது தனியாக இருக்கட்டும்.

எவ்வளவு வழி தெரிந்தாலும் ஒரு விதியை மீறக் கூடாது: அடுத்தவர் சாமானை அவர் ஊரில் இல்லாத நாளில் வெளியே போடக் கூடாது. மருமகள் மாமியாருடையதை, மகன் அப்பாவுடையதை, தாய் பிள்ளையுடையதை. வீட்டில் இதனால் வரும் மனக்கசப்பு சாமானைவிட அதிக நாள் நிற்கும். வயதானவர்களிடம் "இது எதுக்கும்மா?" என்று கேட்டால் வாக்குவாதம்தான். "இதை யாருக்குக் கொடுக்கலாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் பெரும்பாலும் பெயர் தயாராக இருக்கும். சுவீடனில் மார்கரெட்டா மாக்னுசன் என்ற மூதாட்டி, சாகும் முன் தன் பொருள்களைத் தானே பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவதைப் பற்றி எழுதிய புத்தகம் 2017-ல் உலகெங்கும் பேசப்பட்டது. நம் ராஜபாளையத்தில் அதைவிடப் பெரியது நடந்திருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா, தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கையில் இருக்கும்போதே, யாருக்கு என்று தானே தேர்ந்து கொடுத்த கொடை அது. நம் வீட்டு ஆச்சிக்கு அந்த உரிமையை ஒரு குத்துவிளக்கு விஷயத்தில் கொடுக்க முடியாதா?

சிலருக்கு எதையும் விடவே முடியாது. பழைய கவர், காலி பாட்டில்கூட. நடக்க இடமில்லாத அளவுக்குச் சேர்ந்தும், ஒன்றை எடுத்தால் பதறிப்போவார்கள். இதைப் பதுக்கல் கோளாறு என்று 2013 முதல் மனநல மருத்துவம் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அவர்களைத் திட்டியோ, ஒரே நாளில் வீட்டைக் காலி செய்தோ பயனில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

இறக்கியதைவிட வேகமாக ஏறாமல் பார்ப்பது பாதி வேலை. விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோகாமல் மொய்யாக எழுதிவிடுங்கள். தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவோ குங்குமச் சிமிழோ போடாமல் தேங்காய், வெற்றிலையோடு நிறுத்தலாம். தித்திப்பு வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறது, இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தள்ளுபடி என்பதற்காக வாங்குவதை நிறுத்தினால் ஆடி மாதத்திலேயே பாதிப் பரண் மிச்சமாகும்.

கடைசியாக, எப்போது தொடங்குவது? பெரும்பாலோர் போகிக்கு முந்தின நாள் ஏணியைத் தூக்குகிறார்கள். ஒரே நாளில் எல்லாம் இறங்கினால் எதற்கும் போக்கிடம் தேட நேரமிருக்காது. மறுநாள் காலை இருட்டில் தெருவில் குவித்துக் கொளுத்துவார்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் போயிற்று. டயரும் பிளாஸ்டிக்கும் தெருத்தீயில் அரைகுறையாக வெந்து நச்சுப்புகையாகும். அதே பிளாஸ்டிக்கை நகராட்சிகள் பிரித்து அனுப்பினால், 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சிமெண்ட் சூளைகளில் எரிபொருளாகிறது. பல சிமெண்ட் ஆலைகள் அப்படி வாங்கவும் செய்கின்றன. ஆகவே மார்கழி பிறந்ததும் தொடங்குங்கள். முகூர்த்தம் கிடையாது, வெயில் குறைவு, மேலே ஏறினால் வியர்க்காது. முதல் வாரம் பாத்திரம், அடுத்த வாரம் துணி, பிறகு காகிதமும் சாமி படமும், கடைசியில் மின்சாமான். ஒவ்வொரு வாரமும் இறங்கியது அந்த வாரமே வாசலைத் தாண்டிவிட வேண்டும்; திண்ணையில் வைத்தால் மழைக்குப் பயந்து மறுபடி உள்ளே வரும். இப்படிச் செய்தால் போகி காலையில் எரிக்க மிஞ்சுவது பழைய கோரைப்பாயும் தேய்ந்த ஈர்க்கு விளக்குமாறும்தான்.